மஞ்சள் என்றால் நிஜம்

விவாகரத்தில் வீட்டைப் பிரித்தாயிற்று, காரைப் பிரித்தாயிற்று, பூனையைக்கூட ஆளுக்கு ஒரு மாதம் என்று பேசி முடித்தாயிற்று. அலுவலகத்தில் இருவரும் நிரல் எழுதும் எடிட்டரின் அமைப்புக் கோப்பு மட்டும் யார் கண்ணிலும் படாமல் பொதுச்சொத்தாகக் கிடந்தது. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை காலை வெசெலினா அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ப்லோவ்டிவ் நகரில் பேருந்துச் சீட்டு விற்கும் இணையதளம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிற சின்ன அலுவலகம் அது. கல்யாணமான புதிதில் அவளும் கலோயனும் சேர்ந்து உட்கார்ந்து அந்த எடிட்டரைத் தங்கள் கைக்கு வாகாகச் செதுக்கினார்கள். இடப்பக்கம் இணையப் பக்கங்களின் நிரல், வலப்பக்கம் தரவுத்தளம். ஒரு விசையைத் தட்டினால் கர்சர் நிற்கிற கட்டளை ஓடிவிடும். நிஜத் தரவுத்தளத்தில் இருந்தால் பின்னணி மஞ்சள், சோதனை நகலில் இருந்தால் நீலம். ஒருவர் எதையாவது மாற்றிச் சேமித்தால் மற்றவர் கணினியும் தானாக அதை எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அதுவே பெரிய காதலாகத் தெரிந்தது.

அந்த மஞ்சளை அவளுக்குப் பிடித்ததே இல்லை. ஊர் உலகமெல்லாம் ஆபத்துக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் வைத்திருக்கிறது. இனி என் திரை என் இஷ்டம் என்று இரண்டையும் மாற்றிச் சேமித்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள். மஞ்சள் எதற்காக வந்தது என்று மறந்துவிட்டாள் என்பதும் முழுக்கச் சரியில்லை. அவனைப் பற்றிய எதையும் நினைக்கக் கூடாது என்று ஒரு வருடமாகப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம் இதையும் அடித்துக்கொண்டு போயிருந்தது.

திரும்பி வந்தபோது எல்லாத் தொலைபேசிகளும் அலறிக்கொண்டிருந்தன. சோதனைக்காகப் போட்டிருந்த பொய்ப் பதிவுகளை அழிக்க உட்கார்ந்த கலோயன், நிஜப் பதிவுகள் அத்தனையையும் அழித்திருந்தான்.

விவாகரத்துக்குப் பிறகு அலுவலகத்தில் இருவரும் ‘நீங்க, வாங்க’தான். அது அந்த நேரத்தில் பறந்துவிட்டது.

“டேய், என்னடா பண்ணித் தொலைச்ச?”

“மஞ்சள் இல்லையேடி,” என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “திரை என்னமோ அழுக்கா இருந்துச்சு. மஞ்சள் இல்லன்னா நிஜம் இல்லதானே?”

வெசெலினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கலோயனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ரயில் ஓட்டும் வேலைக்குப் போய், கண் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவன். அந்த அவமானத்தை அவளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

முதலாளி ஸ்னெஷானா வந்து அவன் திரைக்கு முன்னால் நின்றாள்.

“நேத்து ராத்திரி வரைக்குமான பதிவுக்கு நகல் எடுத்து வச்சிருக்கு, சரி. இன்னைக்குக் காலைல சீட்டு வாங்குன ஜனங்க? பண்டிகைக்கு வீட்டுக்கு நடந்து போவாங்களா? போன மாசமே உனக்கு இதுதான் கடைசின்னு சொன்னேன். திரையே செக்கச்செவேல்னு கத்துது, உன் கண்ணு எங்கப்பா போச்சு?”

“நிறத்தை மாத்துனது நான்,” என்றாள் வெசெலினா. “காலைலதான் மாத்துனேன். அவர்கிட்ட சொல்லல.”

“மாத்துனா என்னம்மா? சிவப்பு சிவப்புதானே?”

அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் அவனுடைய ரகசியத்தைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் வேலை போகும். கலோயன் வேண்டாம் என்பதுபோல் அவளைப் பார்த்தான். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஸ்னெஷானாவுக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. ஈஸ்டர் வழக்கப்படி காலையில் அவள் வீட்டில் சாயம் போட்டு எல்லோருக்கும் கொண்டுவந்திருந்த முட்டைகள் மேஜையில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“இது என்ன நிறம்? சொல்லு பாப்போம்.”

கலோயன் முட்டையைப் பார்க்கவில்லை. வெசெலினாவின் முகத்தைப் பார்த்தான். துணிக்கடையில், காய்கறிச் சந்தையில், இத்தனை வருடமும் அவன் அப்படித்தான் பார்த்திருக்கிறான். அவள் உதடுகள் அவளைக் கேட்காமலே, சத்தமில்லாமல், சிவப்பு என்றன. அவன் அதைப் படித்துவிட்டான். படித்துவிட்டான் என்பது அவளுக்கும் தெரிந்தது.

“தெரியலைங்க,” என்றான் அவன் ஸ்னெஷானாவிடம் திரும்பி. “எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல.”

தொலைபேசிகள் அடித்துக்கொண்டே இருந்தன. ஸ்னெஷானா நீட்டிய கையை மடக்கவில்லை. வியர்த்திருந்த அவள் விரல்களில் சாயம் மெல்ல ஒட்டத் தொடங்கியிருந்தது.