மூன்றாவது கோடு

மலை சரியுமா சரியாதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். காட்டிலாகா ஓவர்சியர் மாணிக்கவாசகம் என்றால் மலாக்காவில் மர வியாபாரம் செய்யும் சீன முதலாளிகள், தவுக்கேமார்கள், எழுந்து நிற்பார்கள் என்று என் மனைவி கமலவேணி அவள் அக்காவிடம் அளந்துவிட்டிருக்கிறாள். உண்மையில் அது அட்டைக்குக் காலைக் கொடுத்து ஏறி, முட்டி வலியோடு இறங்கி, காஜா பேராங்கில் இருக்கும் என் வீட்டில் வெந்நீருக்குள் காலை வைத்துக்கொண்டு படிவம் எழுதும் வேலை. இருபத்தாறு வருஷம் இதையே செய்தேன். போதுமடா சாமி என்று ஆகிவிட்டது.

ஐம்பத்தேழு பிப்ரவரியில் டவுனிலிருந்து பத்தொன்பதாவது மைலில் இருக்கும் பத்தொன்பதாங்கட்டை மலையைப் பார்த்து வரச் சொன்னார்கள். ஒரு தவுக்கே அங்கே மரம் வெட்ட அனுமதி கேட்டிருந்தார். மலையடியில் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தா தோட்டத்துத் தொழிலாளர் லயம். பதினோரு வீடு, அத்தனையும் நம் ஆட்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டதால் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது. மரம் வெட்ட ஆரம்பித்தால் ஆண்களுக்குக் கட்டை இழுக்கும் வேலை, பெண்களுக்குக் காடு சுத்தம் செய்யும் வேலை என்று தவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் நான் போய் இறங்கியதும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பதுபோல் கவனித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. மலையைப் பார்க்க வந்தவனை மலையைப் பார்க்க விட்டால் போதாதா?

மரத்தின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மரத்தை வெட்டினால் இரண்டு மூன்று வருஷத்தில் வேர் மக்கிவிடும். அப்புறம் ஒரு பெருமழை போதும். அதனால் வெட்டுவதற்கு முன்னால், அடியிலிருந்து உச்சிவரை மூன்று இடத்தில் நேர்கோடாக ஏறிப் பார்க்கவேண்டும். என் ஆள் பொன்னுதுரை அளவுச் சங்கிலியோடு முன்னே போய் நிற்பான். அவனுக்கும் என் வயதுதான், முட்டி மட்டும் என்னைவிட மோசம். நான் கீழே நின்று, சரிவு பார்க்கும் குழாயை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்து டிகிரி படிப்பேன். இரும்புக் கம்பியைக் குத்தி மண் எவ்வளவு இளகல் என்றும் பார்ப்போம். சரிவு முப்பது டிகிரிக்கு மேல், மண்ணும் ஈரம் என்றால் வெட்டக்கூடாது என்று எழுதவேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதுதான் விதி.

முதல் இரண்டு கோடும் நன்றாகவே இருந்தன. மூன்றாவது கோட்டில், லயத்துக்கு நேர் மேலே, முனியாண்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய மரம், அடியில் சூலம், சிவப்புத் துணி, சுற்றிலும் கல் அடுக்கிய எல்லை. எல்லைக்குள் செருப்போடு போகக்கூடாது, தோல் பொருள் கொண்டுபோகக்கூடாது. என் காலில் பூட்ஸ், தோளில் தோல் பை. கழற்றினால் திரும்பக் கட்டக் குனியவேண்டும், முட்டி கெஞ்சும், அட்டை வேறு. பொன்னுதுரை என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கோட்டை நாற்பது அடி இடதுபக்கம் வளைத்து, சாமியைச் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டோம். அங்கே மண் கெட்டியாக இருந்தது.

படிவத்தில் 'மூன்றாவது கோடு: நேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வெள்ளைக்காரனோ சீனனோ போயிருந்தால் பூட்ஸோடு நேரே நடந்திருப்பான், பார்க்கவேண்டியதைப் பார்த்திருப்பான். நம் ஆள் போனதால்தான் இந்தத் தப்பு நடந்தது.

ஜூன் மாதம் எங்கள் வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தார். ஆகஸ்டு மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முன்னால் எல்லாக் கோப்பையும் முடித்துவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்கு அவசரம். பத்தொன்பதாங்கட்டைக் கோப்பு முத்திரைக்காக அவர் மேசையில் இருந்தது. நான் போனபிறகு இந்த நாற்காலியில் நீதான் உட்காரப் போகிறாய் என்று என்னிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தார். நாற்காலி என்றதும் எனக்குப் பதவி ஞாபகம் வரவில்லை. இனி மலை ஏறவேண்டாம் என்பதுதான் மனசில் ஓடியது.

அந்த வாரம் டவுனில், பெண்டஹாரா ரோட்டில் ஒரு துணிக்கடையில் அஞ்சலையைப் பார்த்தேன். அந்த லயத்துத் தலைவர் சேதுபதியின் மனைவி. பிப்ரவரியில் எங்களுக்குச் சோறு போட்டவள். முனியாண்டி பூஜைக்குச் சிவப்புத் துணி எடுக்க வந்திருந்தாள். மழையே இல்லாமல் ஊரே காய்ந்துகிடந்த சமயம். தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"எங்களுக்கு என்னங்கய்யா குறை? சாமிக்குப் பின்னாடி ஊத்து இருக்கு. எந்த வெயிலுக்கும் வத்தாது. புள்ளைங்கள அதுலதான் குளிப்பாட்டுறோம்" என்றாள்.

வெயிலில் வற்றாத ஊற்று என்றால் மலைக்குள் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அதற்கு நேர் கீழே பதினோரு வீடு. நான் வாங்க வந்த சாமானை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கம்போங் செட்டி முனையில் ஒரு மலாக்காச் செட்டி வீட்டம்மா, அவர்கள் வீட்டுப் பேச்சான மலாயில், ஏதோ நலம் விசாரித்தாள். என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை.

கமலவேணியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இதை வெளியே சொன்னால் அந்த நாற்காலி என்ன ஆகும் என்று கேட்டாள். போய்விடும் என்றேன். சொல்லாவிட்டால் என்று கேட்டாள். நான் பூட்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் பொன்னுதுரையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். முனியாண்டி எல்லையில் பூட்ஸைக் கழற்றினேன், தோல் பையைக் கீழே வைத்தேன். குழாயை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். பிப்ரவரியில் இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷ சோம்பலுக்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

சாமிக்குப் பின்னால் ஈரத்தில் மட்டும் வளரும் காட்டுச் சேம்பு ஆள் உயரம். மரங்களெல்லாம் அடியில் முழங்கால் மடித்து மேலே நிமிர்ந்திருந்தன. மண் மெல்ல மெல்ல நகர்கிற இடத்தில்தான் மரம் அப்படி வளரும். குழாயில் முப்பத்தெட்டு டிகிரி. பொன்னுதுரை ஒரு கையால் கம்பியை அழுத்தினான். அது பழஞ்சோற்றில் விரல் போவதுபோல் கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. அவன் கம்பியை உருவவே இல்லை, அப்படியே நின்றான்.

சேதுபதி எல்லைக்கு வெளியே காத்திருந்தார். நல்ல மனிதர். வேர் மக்குவது, தண்ணீர், சரிவு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பிப்ரவரியில் நான் செய்த தப்பையும் சொன்னேன். எல்லாம் கேட்டார்.

"மக்க எத்தன வருசம் ஆவும்னீங்க?"

"ரெண்டு, மூணு."

"எங்களுக்கு அடுத்த மாசம் அடுப்பு எரியணுங்கய்யா. அப்ப சாமி எடத்த மிதிக்காம போனீங்கள்ல, அவரு பாத்துக்குவாரு. எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்."

கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. எனக்கு அவர் காலில் விழலாமா, கன்னத்தில் அறையலாமா என்று இருந்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலமே எழுதினேன். மூன்றாவது கோடு நேர் அல்ல, சாமி இருந்ததால் சுற்றிக்கொண்டு போனேன், நேர் என்று நான் எழுதியது பொய், அந்தப் பக்கம் ஒரு மரமும் வெட்டக்கூடாது. துரை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இன்னும் ஆறு வாரம் உன்னால் சும்மா இருக்க முடியவில்லையா என்று கேட்டார். பிறகு அனுமதியை நிறுத்திவிட்டார். அதற்கு அவரைப் பாராட்டவேண்டும். மற்ற பக்கம் மட்டும் வெட்டக் கட்டுப்படியாகாது என்று தவுக்கே வேறு மலை பார்த்துப் போனார். அலுவலகத்தில் என்னை 'முனியாண்டி ஓவர்சியர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பொய் எழுதியதற்காகக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். நாற்காலிக்கு என்னைவிடப் பத்து வயது இளையவன் ஒருவன் வந்தான். மெர்டேக்கா அன்று ஊரெல்லாம் வெடி வெடித்தது. நான் படுத்துத் தூங்கினேன்.

அடுத்த வருஷம் டிசம்பரில் அடைமழை. ஐந்து நாள் விடவில்லை. ஆறாம் நாள் காலை, கோப்பு அறை ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மலை சரிந்தால் என்ன என்று தோன்றியது. மரம் வெட்டாமலே சரிந்தால், நான் சொன்னது சரி என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு நிமிஷம் அதை ஆசையாகவே நினைத்தேன். பிறகு என்ன நினைத்தோம் என்று உறைத்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன்.

மலை அப்படியே இருந்தது. லயத்தில் ஐந்து வீடு பூட்டிக் கிடந்தது. வேலை இல்லாமல் வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டார்களாம். சேதுபதி பஹாங் பக்கம் ஒரு மரக் கம்பெனியில் இருக்கிறாராம். வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறதாம். அஞ்சலை என்னைத் திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டுப் பலகையில் உட்காரவைத்து வரக்காப்பி கொடுத்தாள். கூரையில் மழை இரைந்தது.

"மலையப் பாக்க வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"விழுந்திருந்தா ஒங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும், இல்லிங்களா?" கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

இவளிடமும் பொய் எழுத எனக்குத் தெம்பில்லை. "ஆமாம்மா. காலையில ஒரு நிமிசம் அப்படித்தான் நெனச்சேன்" என்றேன்.

அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

"நானும் நெனச்சேங்கய்யா. முந்தாநாளு. மலை நெசமாவே விழுந்துட்டா, வேலை நின்னதுக்கும் அவரு எங்கள விட்டுட்டு அங்க போயி கெடக்குறதுக்கு ஒரு காரணமாவது இருக்கும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். உள் அறையில் அவளுடைய பிள்ளைகள் இரண்டும் ஒரு போர்வைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பெரியது சின்னதைக் கிள்ள, சின்னது வீடு அதிர அலறியது. அஞ்சலை எழுந்து போய் இரண்டுக்கும் முதுகில் ஆளுக்கொன்று வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே பாயில் உட்கார்ந்து, இரண்டையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை.