நேற்றைய ஃபோல்டர்

கண் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். புரை ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் கண்ணை மெஷினில் அளந்து, யாருக்கு எந்தப் பவர் லென்ஸ் வைக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுப்பது அவள் வேலை. அளவு அறை நாலாவது மாடியில். ஆபரேஷன் தியேட்டர் தரைத்தளத்தில். இரண்டுக்கும் நடுவே கம்ப்யூட்டர்தான் தூது.

அந்தத் தூதின் மேல்தான் தியேட்டர் சிஸ்டருக்குக் கோபம். ஒவ்வொரு நோயாளிக்கும் வருஷம், மாதம், தேதி என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நுழைந்து, பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, அப்புறம்தான் லென்ஸ் அலமாரியில் கை வைக்க முடியும். “நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள பேஷண்டுக்கு அடுத்த கண்ணுலயும் புரை வந்துடும்” என்று தினமும் புலம்புவார்.

எதையாவது ஒழுங்குபடுத்தாவிட்டால் அளவுக்காரிக்குக் கை அரிக்கும். நேற்றுக் காலை தானே கீழே இறங்கிப் போனாள். தியேட்டர் கம்ப்யூட்டரின் டாஸ்க்பாரில் யாரும் சீண்டாத ஐகான்களையெல்லாம் கழற்றி எறிந்தாள். அன்றைய ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் செய்தாள், ‘இன்றைய லென்ஸ்’ என்று பெயர் வைத்தாள், பச்சையில் ஒரு ஐகானும் தேடிப் பிடித்து டாஸ்க்பாரில் உட்கார வைத்தாள். உள்ளே ஃபைல்களுக்கு ஆபரேஷன் வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்.

“இனிமே பேரெல்லாம் தேட வேணாம் சிஸ்டர். பச்சையை அழுத்துங்க, நம்பரைத் தட்டுங்க. பவர் பெரிசா வந்து நிக்கும்.”

“அடி கெட்டிக்காரி! இத்தனை நாள் இதை ஏன்டி செய்யல?” என்று சிஸ்டர் அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

தன் கம்ப்யூட்டரிலும் அதே பச்சையை வைத்துக்கொண்டாள். நேற்றெல்லாம் தரையில் கால் பாவவில்லை. சாயங்காலம் மறுநாளைக்கான ஃபோல்டரைத் தயாரித்து வைத்துவிட்டுப் பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போனாள்.

இன்று காலை பத்து மணிக்கு, நாலாம் எண் நோயாளியின் அளவை இன்னொரு முறை சரிபார்க்கலாம் என்று பச்சையை அழுத்தினாள். நாலாம் ஃபைலில் ஒரு வாட்ச்மேனின் பெயர் இருந்தது. அவருக்கு நேற்றே ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கும் போயாகிவிட்டது.

கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்தாள். மூடிவிட்டுத் திறந்தாள். மறுபடியும் வாட்ச்மேன். மேலே இருந்த தேதியை அப்போதுதான் பார்த்தாள்.

‘இன்றைய’ என்று பெயர் வைத்துவிட்டால் ஷார்ட்கட்டுக்கு நாள் கிழமை தெரிந்துவிடுமா? அது பாட்டுக்கு நேற்றைய ஃபோல்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்த மாதம் அழுத்தினாலும் அதையேதான் காட்டும். இது அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பச்சை எடுப்பாக இருக்குமா நீலம் எடுப்பாக இருக்குமா என்று மண்டையை உடைத்துக்கொண்ட நேரத்தில் இதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

தியேட்டருக்கு ஃபோன் போட்டாள். மணி போகவில்லை. ஆபரேஷன் நேரத்தில் டாக்டர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். லிஃப்ட் ஆறாம் மாடியில் நின்றது. படிகளில் ஓடினாள்.

ஒன்பதரைக்கு ஆரம்பித்திருப்பார்கள். ஆளுக்கு இருபது நிமிஷம். ஒன்றாம் எண் முடிந்திருக்கும். ஒன்றாம் எண் யார்? துணி தைக்கிற அம்மாள். போன வாரம் அளவெடுக்கும்போது, “நீ சொல்ற வரைக்கும் சிமிட்டவே மாட்டேன், பாரு” என்று விழியை அகட்டி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தவர். அவருக்கு இருபத்துநாலு வைக்க வேண்டும். நேற்றைய ஒன்றாம் எண் பதினாறு. எட்டுப் பவர் வித்தியாசம். அந்த லென்ஸை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. சத்தமில்லாமல் ஷார்ட்கட்டை மாற்றிவிட்டால்? சிஸ்டர்தான் பெயரைப் பார்க்காமல் விட்டார் என்று ஆகிவிடாதா? அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததே என்று உடம்பெல்லாம் கூசியது. கீழே இரண்டாம் எண் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. போன வருஷம் அந்த விளக்கு எரியும்போது கதவைத் திறந்த ஒருவருக்கு மறுநாளே வேலை போனது. முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு தள்ளினாள்.

சிஸ்டர் லென்ஸ் உறையின் ஓரத்தைக் கிழிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், பிரிக்காதீங்க!”

“யாரது?” டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“லென்ஸ் தப்பு டாக்டர். அந்த ஷார்ட்கட் நேத்து லிஸ்ட்டைக் காட்டுது.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. “ஸ்க்ரீன்ல என்ன பேர் இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

சிஸ்டர் திரும்பிப் பார்த்து வாசித்தார். பாதியிலேயே குரல் உடைந்தது. “நம்பரைத்தானே டாக்டர் பார்த்தேன்... பேரைப் பார்க்கலையே...”

“இவருக்கு எவ்வளவு?”

அளவுக்காரி வருஷம், மாதம், தேதி என்று பழைய வழியில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெயரை உரக்க வாசித்தாள். பச்சைத் துணிக்கு அடியிலிருந்து, “நான்தாம்மா” என்று ஒரு குரல் வந்தது.

“இருபத்தொண்ணரை, டாக்டர்.”

அந்தக் கண் தப்பித்தது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றினார். “முதல் ஆளுக்கு நாளைக்கே எடுத்து மாத்தணும். ரெண்டாவது தடவை திறக்கற கண்ணு. பழைய மாதிரி வரும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. இதை அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லியாகணும்.”

“நான் சொல்றேன் டாக்டர்” என்றாள். வாய் சொல்லிவிட்டது. கால்தான் வர மறுத்தது.

பக்கத்து அறையில் தையல் அம்மாள் ஒரு கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்தார். மற்றக் கண்ணிலும் புரைதான். காலடியைக் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

“யாரு? அளவெடுத்த பொண்ணுதானே? மூச்சு வாங்குது, ஓடி வந்தியா?” என்று காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “துளி வலி இல்லம்மா. நீ நல்லா இருக்கணும். எப்ப கட்டுப் பிரிப்பாங்க?”

வரும்போது நாலு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஒன்றும் நினைவில் இல்லை.

“அம்மா, உங்களுக்கு வச்சது உங்க லென்ஸ் இல்ல. வேற ஒருத்தரோட பவர். தப்பு பண்ணினது நான். அந்த லென்ஸை நாளைக்கு எடுத்துட்டு வேற வைக்கணும்.”

“அப்போ பார்வை?”

“சரியா வரும்னு... நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றாள். பிடித்திருந்த கை மெல்ல நழுவியது. நிமிர்ந்து பார்த்தபோது, தையல் அம்மாள் கட்டில்லாத கண்ணை இரண்டு உள்ளங்கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டு, அவளிடமிருந்து விலகிச் சுவரோரம் ஒண்டியிருந்தார்.