தோலில் ஒட்டிய மருந்து

அப்பாவை ஒருக்களித்துத் திருப்பிச் சட்டையைத் தூக்கியவள், வலிக்கு ஒட்டும் புது மருந்துப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முதுகில் பழைய பட்டையைக் காணோம். சதுரமாய்ச் சிவந்த தோல் மட்டும் இருந்தது. விரிப்பை உதறினாள், தலையணைக்கு அடியில் தேடினாள். விடியும் முன்பே முனகத் தொடங்கிய அப்பா இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அதையா தேடுற? நேத்து காலையிலயே நான்தான் பிச்சி எறிஞ்சேன்," என்றான் அண்ணன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

அப்பாவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்ததிலிருந்து ஃபோனிலேயே அக்கறை காட்டியவன். நேற்றுதான் வந்து இறங்கினான். அவனை நம்பி, பல நாள் கழித்து அவள் தையல் வேலைக்குப் போயிருந்தாள்.

"எதுக்குண்ணா?"

"எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கேன், ஒரு வார்த்தை பேசல. மனுஷனை மயக்கத்துலயே போட்டு வெச்சிருக்கே. வலிச்சா மாத்திரை குடு."

"தண்ணியே உள்ள இறங்கல, மாத்திரையை எப்படி முழுங்குவார்? அதான் தோல் வழியாப் போற மருந்து குடுத்திருக்காங்க."

"ஸ்டிக்கர் ஒட்டினா வலி போயிடுமா? நல்லா நம்பின போ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவனுக்கு, கையை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. புதியதை ஒட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அது ஒட்டியதும் கேட்கிற மருந்தல்ல. தோலில் ஊறி ரத்தத்தில் ஏற நேரமெடுக்கும். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸைக் கூப்பிட்டாள். ஊசி கொண்டுவருவதாகவும், தூரத்தில் இருப்பதால் தாமதமாகும் என்றும் நர்ஸ் சொன்னாள்.

அப்பா துடித்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்தார், அவள் புடவையைப் பிடித்தார், குனிந்த அண்ணனின் கையைப் பிடித்தார். "வலிக்குது" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. மதியத்துக்கு முன்பே மூச்சு அடங்கிவிட்டது.

சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் வலது கையை நீட்டிக் காட்டினான். "கடைசியில முழிச்சிப் பார்த்தார் மாமா. இந்தக் கையைத்தான் கெட்டியாப் பிடிச்சார். எனக்காகவே உசிரைப் பிடிச்சிட்டு இருந்திருக்கார்." மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் சாவையும் அவன் தனக்கு வந்த பரிசாக எடுத்துக்கொண்டான்.

மூச்சிரைக்க வந்த நர்ஸ் ஊசிப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, உடலிலிருந்து பட்டையைப் பதமாக உரித்து எடுத்தாள்.

"எப்ப ஒட்டினீங்க?"

"இன்னிக்குக் காலைல. இது வேலை செய்ய எவ்ளோ நேரம் ஆகும்க்கா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

நர்ஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "முழுசா ஏற அரை நாளாச்சும் ஆகும்மா."

"பழசை யாரும் பிச்சி எறியாம இருந்திருந்தா?"

"வலி இவ்ளோ தெரிஞ்சிருக்காது. அநேகமா தூக்கத்துலயே போயிருப்பார்."

மாமா மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நீட்டியிருந்த கையை மடியில் இறக்கி, இன்னொரு கையால் மூடிக்கொண்டான்.