எட்டாவது ஆள்

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை. உணவகச் சமையலறைகளையும் குடிநீர்த் தொட்டிகளையும் சோதிக்கிற சுகாதார இன்ஸ்பெக்டர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் நடக்கிற எதுவும் அவருக்குத் தெரியாமல் போனதில்லை.

அவருடைய தொழில் முறை மிகவும் எளிது. கடைக்காரர் தானாக முன்வந்து எதைத் திறந்து காட்டுகிறாரோ அதை விட்டுவிடுவார். "இந்தத் தொட்டியைப் பாருங்க சார், போன வாரம்தான் கழுவினோம்" என்றால் அதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நேராகப் பின்பக்கம் போய், மூடி துருப்பிடித்த தொட்டியைத் திறப்பார். பத்துக்கு எட்டுத் தடவை உள்ளே ஏதாவது மிதக்கும். மீதி இரண்டு தடவை, தான் சரியாகத் தேடவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

நாற்பத்து மூன்று வயதில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் சேர்ந்தது படிப்பின் மேல் உள்ள ஆசையால் அல்ல. பிரிவுத் தலைவர் பதவிக்கு அந்தப் பட்டம் வேண்டும். நாற்பத்தைந்து தாண்டிவிட்டால் பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். துறை அவருக்குச் சரியாக இரண்டு வருஷம் படிப்பு விடுப்பு கொடுத்திருந்தது. அதற்குள் முடிக்காவிட்டால், அவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஜூனியர் அந்த நாற்காலியில் உட்காருவான். இவர் எதிரில் நின்று "சார்" என்று கூப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை பாடத் திட்டம் போடுவதற்காக ஆலோசகரைப் பார்க்கப் போனார். ஆலோசகர் ஒரு புரொபசரம்மா. மூன்றாவது மாடியில் சின்ன அறை. மேஜையில் ஒரு காகிதம்கூடச் சிதறிக் கிடக்கவில்லை. அதுவே இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. வேலை நடக்கிற சமையலறை இப்படி இருக்காது. சோதனைக்கு ஆள் வருகிறது என்று துப்புக் கிடைத்த சமையலறைதான் இப்படி இருக்கும்.

முதல் செமஸ்டருக்கு அவர் மூன்று பாடங்களை எழுதிக்கொண்டு போயிருந்தார். புள்ளியியல், நோய்ப்பரவலியல், நோய்ப்பரவல் விசாரணை. மூன்றாவதுதான் அவர் உயிர். ஒரு ஊரே வயிற்றுப்போக்கில் படுத்தால் எந்தக் கிணறு, எந்தக் குழாய், யார் கை என்று பிடிக்கிற பாடம். புரொபசரம்மா அதை மட்டும் அடித்துவிட்டு, 'சமூக நடத்தையும் சுகாதாரமும்' என்று எழுதினார்.

"விசாரணையை மூணாவது செமஸ்டர்ல வச்சுக்கலாம் சார். இதை இப்பவே முடிச்சுடுங்க."

"இது என்ன பாடம் மேடம்?"

"நாம சொல்றதை மக்கள் ஏன் நம்பறாங்க, ஏன் நம்ப மாட்டேங்கறாங்க. அதைப் பத்தினது."

"பத்தொன்பது வருஷமா நான் அவங்களோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன்." சிரித்தார். "ரெண்டாம் வருஷம் களப்பயிற்சிக்குப் போகணும்னா இது வேணும். கையேட்டுல பக்கம் எடுத்து வச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க."

இந்த வருஷக் கையேட்டை நீட்டினார். ஒரு பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. ஆள் பார்த்து ஒட்டிக் கொடுத்த பக்கத்தில் என்ன இருக்கும்? போன வாரம் கழுவின தொட்டி இருக்கும்.

அதற்குப் பதிலாக, படிப்பை முடித்துப் போகிற ஒரு சீனியரிடம் போன வருஷக் கையேட்டைக் கேட்டு வாங்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். 'சமூக நடத்தையும் சுகாதாரமும்: விருப்பப் பாடம்' என்று அச்சடித்திருந்தது. விருப்பப் பாடம். அந்தம்மா "வேணும்" என்று சொன்னார். அவருக்கு மூக்கில் வியர்த்தது.

புதன்கிழமை பதிவுப் பிரிவுக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிளார்க், சுவரில் வகுப்புப் பட்டியல். விரலை வைத்துத் தேடினார். சமூக நடத்தையும் சுகாதாரமும். நடத்துபவர்: சாட்சாத் அந்தப் புரொபசரம்மாவேதான். குறைந்தபட்ச மாணவர்கள்: எட்டு. சேர்ந்தவர்கள்: எட்டு. கடைசியாகச் சேர்ந்த ஆள் இவர்.

"எட்டுக்கு ஒண்ணு குறைஞ்சா என்ன ஆகும்?" என்று கிளார்க்கைக் கேட்டார்.

"வகுப்பு நடக்காது சார்."

"நடக்கலைன்னா அந்தம்மா என்ன செய்வாங்க?"

"சும்மா உக்காந்திருப்பாங்க. நான் என்ன சார் கண்டேன்?"

போதும். தன் வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ள அந்தம்மா இவரைத் தூக்கி உள்ளே போட்டிருக்கிறார். தலை எண்ணிக்கைக்கு ஒரு தலை. தன் இரண்டு வருஷத்தில் அரை வருஷத்தை அடுத்தவர் நாற்காலிக்கு முட்டுக் கொடுக்கவா வந்தார்?

வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பொழுது முழுக்க இருபது குழந்தைகளின் பொய்யைக் கேட்டுப் பழகியதால் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"அந்தம்மா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?"

"இன்னும் பண்ணலை. பண்ணப் போறாங்க."

"முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப எங்கம்மா குடுத்த காபியை மோந்து பாத்துட்டுக் குடிச்ச ஆளுதானே நீங்க."

"அந்தப் பாலு திரிஞ்சுதான் இருந்துச்சு."

"திரிஞ்சதுன்னு எங்கம்மாவுக்கும் தெரியும். வீட்டுல வேற பால் இல்ல. வந்த ஆளை வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னு குடுத்தாங்க. அதைப் போய் இருபது வருஷமா கேஸா நடத்தறீங்க."

பாலைப் பற்றிய தன் முடிவு சரிதான் என்பதோடு இன்ஸ்பெக்டர் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

முதல் வாரத்தில் ஒரு பாடத்தை விடுவதற்கு ஆலோசகர் கையெழுத்து தேவையில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் போதும். இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். கேன்டீனில் அதே வகுப்பில் சேர்ந்திருந்த இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், இளவட்டம், எந்தக் கையேட்டையும் திறக்காதவர். இன்னொருவர் பெரிய ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கிற நர்ஸ். திறக்க நேரமில்லாதவர்.

"உங்களை ஏன் அதுல போட்டாங்கன்னு யோசிச்சீங்களா?" என்று ஆரம்பித்தார்.

பழைய கையேட்டைக் காட்டினார். எட்டுக் கணக்கைச் சொன்னார். பல் டாக்டர் வாயைப் பிளந்தார்.

"அண்ணே, நம்ம காதுலயே பூ சுத்தியிருக்காங்களேண்ணே!"

"அந்தம்மா நல்லவங்க மாதிரிதான் தெரிஞ்சாங்க" என்றார் நர்ஸ்.

"அதான் சிஸ்டர் பாயிண்ட். நல்லவங்க மாதிரி தெரியறதுக்கு ஒரு ஆளு ஏன் மெனக்கெடணும்? பக்கத்துல சீட்டு ஒட்டிக் குடுத்தாங்களா உங்களுக்கும்? ஒட்டிக் குடுத்த பக்கத்தை மட்டும் நம்பிடாதீங்க."

நர்ஸ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பாடம் விட்டதற்கு முத்திரை போட்ட நகல் வாங்க இன்ஸ்பெக்டர் பதிவுப் பிரிவுக்குப் போனார். நகல் இல்லாமல் அவர் எதையும் விட்டதில்லை.

கிளார்க் முத்திரையைக் குத்திக்கொண்டே கேட்டார். "அப்ப நீங்களும் மூணு வருஷ ஆளா சார்?"

"எது மூணு வருஷம்?"

"இந்தப் பாடத்தை இப்ப எடுக்காதவங்க எல்லாம் மூணு வருஷம்தானே. இது வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். இதை முடிக்காம களப்பயிற்சிக்கு விட மாட்டாங்க. களப்பயிற்சி ஒரு முழு வருஷம். நீங்களே கூட்டிப் பாருங்க."

"விருப்பப் பாடம்தானேப்பா அது?"

"அது போன வருஷம் சார். இப்ப கட்டாயம் ஆக்கிட்டாங்க. கையேடு குடுக்கலையா உங்களுக்கு?"

இன்ஸ்பெக்டர் பைக்குள் கையை விட்டார். புதுக் கையேடு அடியில் கிடந்தது. மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்தார். நாலே வரி. கிளார்க் சொன்னது அப்படியே இருந்தது.

அந்தம்மா தன் வகுப்பை எட்டாக்கத்தான் அவரைச் சேர்த்தார். அதில் சந்தேகமில்லை. ஆனால் வகுப்பு நடக்காவிட்டால் அந்தம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எட்டுப் பேருக்கும் ஒரு வருஷம் போகும்.

"என்னைத் திரும்பச் சேத்துடுங்க."

"சேக்கலாம் சார். நாலு மணி வரைக்கும் சேக்கலாம். ஆனா நீங்க வந்தாலும் ஆறுதான். நேத்து சாயங்காலம் உங்களுக்கு அப்புறம் வரிசையா ரெண்டு பேரு விட்டுட்டுப் போனாங்க. என்ன வியாதியோ தெரியலை."

என்ன வியாதி என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். முதல் நோயாளி யார், எந்த இடத்தில் தொற்றியது, எத்தனை மணிக்கு, எந்த மேஜை, எல்லாம் தெரியும்.

பல் டாக்டருக்குப் போன் போட்டார். அவர் கட்டடத்திலேயே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "என்னண்ணே, நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு" என்று அலுத்துக்கொண்டே ஓடி வந்து கையெழுத்துப் போட்டார். ஏழு.

நர்ஸ் போனை எடுக்கவில்லை. எடுக்க மாட்டார், டியூட்டி முடித்துத் தூங்குகிற நேரம். நர்ஸ் குவார்ட்டர்ஸ் எதிர்ச் சாலையில். இன்ஸ்பெக்டர் வேகமாக நடந்தார், பிறகு ஓடினார். நாற்பத்து மூன்று வயதில் ஓடுவதற்கு ஒரு அளவு உண்டு. இரண்டாவது மாடியில் கதவைத் தட்டும்போது மணி மூன்று நாற்பது. நர்ஸ் கண் சிவக்க வந்து, சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்தார்.

"சிஸ்டர், நேத்து நான் சொன்னது தப்பு. உடனே வந்து திரும்பச் சேந்துக்குங்க. இருபது நிமிஷம்தான் இருக்கு."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தம்மாவைப் பாத்தீங்களா நடுவுல?"

"பாக்கலை."

"பாக்காமலேயே மனசு மாறிடுச்சா?"

"கையேட்டுல போட்டிருக்கு. இதோ பாருங்க." கதவு இடுக்கில் நீட்டினார்.

"சீட்டு ஒட்டின பக்கம்" என்றார் நர்ஸ்.

"ஐயோ சிஸ்டர், அது நான் நேத்து..."

"நேத்து வந்து விடச் சொன்னீங்க. இன்னைக்கு மூச்சு வாங்க ஓடி வந்து சேரச் சொல்றீங்க. உங்களுக்கு என்ன தர்றேன்னாங்க அந்தம்மா?"

நல்ல கேள்வி. இன்ஸ்பெக்டராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

"நான் அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்" என்று நர்ஸ் போனை எடுத்தார். புரொபசரம்மா வகுப்பில் இருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அலுவலகத்துக்குப் போட்டார், அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. பிறகு தோழி ஒருத்திக்கு. தோழிக்குத் தெரிந்த ஒரு சீனியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு நர்ஸ் செருப்பை மாட்டியபோது மூன்று ஐம்பத்தாறு. இருவரும் ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேரும்போது கண்ணாடிக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டார்கள். பல் டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "சிஸ்டத்தை மூடிட்டாங்கண்ணே. ஏழுல நின்னுடுச்சு."

மூன்று பேரும் மூன்றாவது மாடி ஏறினார்கள். புரொபசரம்மா அப்போதுதான் வகுப்பு முடிந்து வந்திருந்தார். நர்ஸ்தான் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"நான்தான் மேடம் சொன்னேன் இவங்ககிட்ட" என்றார் இன்ஸ்பெக்டர்.

புரொபசரம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்ஸ்பெக்டரைக் குடைந்தது.

"ஒரே வழிதான் இருக்கு" என்றார் அந்தம்மா. "டீனுக்கு ஒரு கடிதம். எட்டாவது ஆளு சேரத் தயாரா இருக்காங்க, நேரம் தவறினதுக்கு இன்னதுதான் காரணம்னு. காரணத்தை நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும் சார். படிப்பு விடுப்புல இருக்கீங்க, அதனால உங்க துறைக்கும் ஒரு நகல் போகும்."

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும்?"

"பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷமாக அவர் கடைக்காரர்களிடம் சொல்லிவந்த வாசகம் அது. எழுதிக் கொடுங்க, பெருசா ஒண்ணும் ஆகாது. எழுதிக் கொடுத்த அத்தனை பேர் கடைக்கும் அவர் சீல் வைத்திருக்கிறார். எழுதிக் கொடுக்காதவர்களில் பாதிப் பேர் தப்பித்தும் இருக்கிறார்கள். இந்தத் தாள் துறைக்குப் போனால், முதலில் பிரித்துப் படிப்பவன் ஜூனியர்.

எழுதாவிட்டால் மூன்று வருஷம்.

பேனாவை எடுத்தார். 'இப்பாடம் குறித்துச் சில தவறான தகவல்கள் பரவியதால்' என்று எழுதி நிறுத்தினார். நர்ஸ் தோளுக்கு மேலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"தானா பரவினதா சார் அது?"

அவர் அந்த வரியை அடித்தார். தான் பழைய கையேட்டை நம்பி, புதியதைத் திறக்காமல், இன்ன இரண்டு பேரிடம் இன்னது சொன்னதாக எழுதினார். தேதி, இடம், நேரம் எல்லாம் போட்டார். அறிக்கை எழுதுவதில் அவர் எப்போதும் சுத்தம். கையெழுத்தும் போட்டுத் தள்ளினார்.

புரொபசரம்மா படித்துவிட்டு, "டீன் திங்கட்கிழமை சொல்லுவார்" என்றார்.

"எனக்கு ஒரு நகல் வேணும்."

"எதுக்கு சார்? நீங்க எழுதினதுதானே?"

இன்ஸ்பெக்டர் கையை நீட்டியபடி நின்றார். அந்தம்மா பெருமூச்சு விட்டுத் தாளை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த ஜெராக்ஸ் மெஷினிடம் போனார்.

"எனக்கும் ஒண்ணு" என்றார் நர்ஸ்.