பூட்ஸுக்கு ஒரு பல்செட்

அவளுடைய பூட்ஸை ஒரு குறையும் சொல்ல முடியாது. பனிமலைக்கென்றே செய்தது. அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அதில் இரும்பு முள்தட்டு மாட்டிக்கொண்டு பனியில் ஏற அந்த விறைப்பு இல்லாமல் ஆகாது. சிக்கல் எங்கே என்றால், பூட்ஸ் வளையாது, பாதம் வளையும். எட்டு வைக்கும்போதெல்லாம் குதிகால் உள்ளே எழும்பி எழும்பி உட்காரும். அரை நாள் நடந்தால் தோல் கழன்றுவிடும். போன வருடம் அவளுக்கு அப்படித்தான் கழன்றது. சிகரம் கண்ணெதிரே நிற்க, அவள் காலை ஊன்ற முடியாமல் பனியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே கயிற்றில் கட்டியிருந்த பாவத்துக்கு எல்லோரும் அவளோடு சேர்ந்து திரும்பினார்கள்.

அந்தக் கயிற்றின் தலைப்பில் இருந்தவர் அவளுடைய நாத்தனார். குழுவுக்கே அவர்தான் தலைவி. நாத்தனார் முன்னால் அவமானப்படுவது ஒரு ரகம் என்றால், நாத்தனாரோடு சேர்த்துக் கட்டப்பட்ட நிலையில் அவமானப்படுவது தனி ரகம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வருகிற போகிறவர்கள் மலையைப் பற்றிக் கேட்டால், “இவ குதிகால் ஒத்துழைக்கல” என்பார், அவ்வளவுதான். ஒரு வருடமாக அந்தக் குதிகாலை உறவுக்காரர்கள் அத்தனை பேரும் நலம் விசாரித்தார்கள்.

இந்த வருடம் கிளம்புவதற்கு முன் நாத்தனார் ஒரு விதி போட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கல்குவாரிக் குன்றில் முழுச் சுமையோடு ஏறி இறங்க வேண்டும். வழியில் நிற்கிறவருக்குக் கயிற்றில் இடம் கிடையாது. எல்லோருக்கும் பொதுவான விதி என்றுதான் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தது இவளை.

பூட்ஸ் கடைக்காரர், பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த இன்சோல், அதாவது உள்தட்டு, போட்டால் குதிகால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். நாத்தனாருக்கு அந்தப் பேச்சே ஆகாது. அதெல்லாம் கடைக்காரன் கட்டுகிற கதை, ரெண்டு காலுறையைப் போட்டு நாடாவை இறுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு நடந்தால் எந்தக் காலும் வழிக்கு வரும் என்பது அவர் கட்சி. இவளுக்கோ அந்த யோசனை மனதில் ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் இருந்தது. இவள் பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்கிறவள். முன்பின் தெரியாதவர்களின் அண்ணத்துக்கெல்லாம் கச்சிதமாகத் தட்டு செய்து கொடுக்கிற கைக்கு, சொந்தப் பாதம் எம்மாத்திரம்? கவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்காலும் ஓர் அண்ணம்தான்.

ஆக, ஒரு மாலை, சமையலறைத் தரையில் கேக் சுடும் தட்டை வைத்து, பல் அளவு எடுக்கிற இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து ஊற்றினாள். குழைத்தது கணவன். நகரப் பேருந்து ஓட்டுநர். கைக்கு வேலை கொடுத்தால் வாய்க்கும் வேலை வந்துவிடும் ஆள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை உள்ளே அமுக்கியதும், பசை இறுகும்வரை அவன் பக்கத்திலேயே குந்தியிருந்தான்.

“எடுத்ததும் கொப்பளிக்கணுமா?” என்று கேட்டான்.

அவள் சிரித்ததில் கால் ஆடிவிட்டது. முதல் அளவு பாழ். இரண்டாவது அளவுக்கு அவனை வேறு அறைக்கு அனுப்பிவிட்டாள்.

அந்த அச்சில் பாரிஸ் சாந்து ஊற்றிப் பாதம் வார்த்து, பல்செட்டுக்குப் போடும் பிசினிலேயே தட்டு செய்தாள். மதிய உணவு நேரமெல்லாம் அதற்கே போயிற்று. ராவினாள், தேய்த்தாள், கடைசியில் மெருகேற்றினாள். டாக்டர் எட்டிப் பார்த்து, இது எந்த ராட்சதனின் வாய்க்கு என்று கேட்டுவிட்டுப் போனார். பூட்ஸோடு வந்த பழைய மெல்லிய இன்சோலை உருவிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்து, நாடா கட்டி, கூடத்தில் எழுந்து நின்றாள். அடடா என்றிருந்தது. உள்ளங்காலை யாரோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்ட மாதிரி. மாடிப்படி ஏறினாள், குதிகால் அசையவே இல்லை. கணவனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று சந்தோஷமாக இறங்கினாள். மூன்றாவது படியிலேயே கட்டைவிரல் பூட்ஸின் முன்சுவரில் போய் ‘நங்’ என்று முட்டியது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஏறும்போது சொர்க்கம், இறங்கும்போது நங். உள்வளைவுதான் உயரமாகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் ராவினாள். இன்னும் மோசமாக முட்டியது. குதிகால் குழி ஆழம் போதவில்லையோ என்று அதைச் சரிசெய்தாள். மாற்றமில்லை. கீழ்வீட்டுக்காரர் வந்து, மாடியில் மரவேலை ஏதும் நடக்கிறதா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை சாயங்காலம், இனி ஆவதில்லை என்று இன்சோல்களை உருவித் தரையில் எறிந்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்கு மறுபடியும் தான்தான் உட்காரப் போகிறோம் என்று தோன்றியபோது அழுகையே வந்துவிட்டது. சிகரம் போனால் போகிறது. இன்னொரு வருடம் அந்த ஒரே வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் ஆகாது.

அந்த நேரம் பார்த்து, அவளுக்குத் தேநீர் கொண்டுவந்த கணவன் தரையில் கிடந்த இன்சோலை மிதித்தான். அது அவனை ஏற்றிக்கொண்டு நேராக அலமாரிவரை போயிற்று. டம்ளர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

“பஸ்ஸுல கூட இப்படிப் போனதில்ல” என்று தரையிலிருந்தபடியே சொன்னான்.

அடிபட்டதா என்று கேட்பதற்கு முன் அவள் இன்சோலை எடுத்துத் திருப்பினாள். (இதை அவன் பின்னாளில் பல இடங்களில் சொல்லிக் காட்டினான்.) அடிப்பக்கத்தில் அவள் முகம் தெரிந்தது. கண்ணாடி தோற்றது. பல்செட்டில் ஈறைத் தொடுகிற பக்கத்துக்கு மெருகு போடக் கூடாது, போட்டால் அளவு போய்விடும். நாக்கு படுகிற மறுபக்கத்தை மட்டும் வழவழவென்று இழைக்க வேண்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு அதையே செய்திருக்கிறது. பாதம் படுகிற பக்கத்தைச் சொரசொரப்பாக விட்டுவிட்டு, பூட்ஸின் அடியில் உட்கார வேண்டிய பக்கத்தை நாக்குக்காக இழைத்து வைத்திருக்கிறது. பாதம் இன்சோலை விட்டு நகரவே இல்லை. இன்சோல்தான் பாதத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறது.

“பூட்ஸுக்கு ஏதுங்க நாக்கு” என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு ஞாபகம் வந்து, அடிபட்டதா என்று கேட்டாள்.

அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெருகைப் போக்கினாள். கணவன் இறங்கிப் போய், வண்டியில் இருந்த தன் பையிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பை எடுத்துவந்தான். வளைவில் திரும்பும்போது மூக்குக்கண்ணாடி, போனெல்லாம் வழுக்காமலிருக்கப் பேருந்தின் முன்பலகையில் அவன் விரித்துக்கொள்வது. அதை வெட்டி அடியில் ஒட்டினார்கள். மாடிப்படியில் இறங்கிப் பார்த்தாள். நங் இல்லை. உள்வளைவை முதலில் ராவியிருக்க வேண்டாமே என்ற வருத்தம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஞாயிறன்று குன்றடியில் இறக்கிவிட்டுவிட்டு, வண்டியிலேயே காத்திருப்பதாகக் கணவன் சொன்னான். குழுவினர் முன்னால் போய்விட்டார்கள். நாத்தனார் இவளுக்குப் பின்னால், கடைசி ஆளாக வந்தார். கண்காணிக்கத்தான், வேறெதற்கு. ஏறும்போது அவருடைய பூட்ஸ் சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. உச்சியைத் தொட்டுத் திரும்பி, சரளைக்கல் சரிவில் இறங்கினாள். விரல் முட்டவில்லை, குதிகால் எழும்பவில்லை. பாதிச் சரிவில் வாய்விட்டுப் பாடலாம் போலிருந்தது. அப்போதுதான், பின்னால் சத்தமே இல்லை என்பது உறைத்தது.

திரும்பிப் பார்த்தால் மேலே ஒரு பாறையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் ஒன்று கழன்று பக்கத்தில் கிடந்தது.

இவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றால் இடம் போய்விடும். அவரிடம் போகாமலிருந்தால் மனிதத்தன்மையே இல்லை. ஆகவே காலை நிறுத்தாமல் அப்படியே வளைந்து, சுமையோடு மறுபடி ஏறி, பாறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

“என்னாச்சு அண்ணி?”

“ஒண்ணுமில்ல, கல்லு பூந்துடுச்சு. நீ எதுக்கு இப்படிச் சுத்துற?”

“நின்னா கயித்துல இடம் இல்லன்னு சொன்னீங்களே.”

நாத்தனார் கழன்ற பூட்ஸை எடுத்துத் தலைகீழாகத் தட்டினார். இவள் இன்னொரு சுற்று வந்தாள். கல் எதுவும் இல்லை என்பது காலுறையில் பரவியிருந்த சிவப்பிலேயே தெரிந்தது. அடுத்த சுற்றும் முடிந்தது.

“நில்லும்மா” என்றார் நாத்தனார், மெதுவாக. “விதி போட்டவ நான்தானே, நான் சொல்றேன். நில்லு. வலிக்குது.”

அவள் நின்றாள். சுமையை இறக்கி, எதிரே மண்டியிட்டு, அந்தக் காலைக் கையில் வாங்கிக் காலுறையைக் கழற்றினாள். குதிகாலில் புதுப் புண். அதைச் சுற்றி ஆறிப்போன பழைய தழும்பு, அதற்கும் கீழே இன்னும் பழையது. தன் குதிகாலில் எந்த இடமோ அதே இடம்.

“போன வருஷமுமா?”

நாத்தனார் கீழே தெரிந்த குவாரிப் பள்ளத்தைப் பார்த்தார். “நீ உக்காரலைன்னா, அடுத்த வளைவுல நான் உக்காந்திருப்பேன்.”

கோபம் வந்தது, வரத்தான் செய்தது. ஒரு வருடமாக விழுங்கிய கோபம் எல்லாம் ஒன்றாக மேலே வந்தது. ஆனால் எத்தனை மலையை இந்தக் காலோடு வாயைத் திறக்காமல் ஏறி இறங்கியிருப்பார் என்று நினைத்ததும் கோபம் பாதியில் நின்று, பாவம் என்றாகி, எப்படியோ சிரிப்பில் போய் முடிந்தது. புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டாள்.

“உன்னோடத மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவியா?” என்று கேட்டார் நாத்தனார்.

“செய்யலாம் அண்ணி. மொத தடவையே சரியா வராது. போட்டுப் பாத்து எங்க உறுத்துதோ, எங்க வலிக்குதோ சொல்லணும். பொறுத்துக்கக் கூடாது.” பல்செட் வாங்க வருகிற எல்லோரிடமும் தினமும் சொல்வதுதான்.

“சொல்றேன்” என்றார் நாத்தனார், சின்னப் பிள்ளை மாதிரி.

இருவரும் மெல்ல இறங்கினார்கள். முதுகில் ஒன்றும் மார்பில் ஒன்றுமாக இரண்டு சுமையும் இவளிடம். தோளில் நாத்தனாரின் கை. கீழே கணவன் வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்தான். வழக்கம்போல முதலில் மனைவியின் காலைத்தான் பார்த்தான். முன்னால் இறங்கிவிட்ட குழுவினரும் சுற்றி நின்று அவள் காலைத்தான் பார்த்தார்கள்.

“அங்க என்ன பாக்குறீங்க” என்றார் நாத்தனார், எல்லோருக்கும் கேட்கும்படி. “என் குதிகால்தான் ஒத்துழைக்கல.”

பிறகு தம்பியின் கையைப் பிடித்து வண்டியில் ஏறி, முன் இருக்கையை அவளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.