அதே சொல் இன்னொரு முறை

ஆத்தாயி, பின்னால் நாற்பது, இதில் மறப்பதற்கு என்ன இருக்கிறது, பெற்றவள் பெயரும் தான் பிறந்த வருடமும், இதைக்கூடவா ஒருவன் தப்பாக அடிப்பான்... குழந்தைவேல் நான்காவது முறையாக, சோற்றில் கல் பொறுக்குகிறவனைப் போலக் குனிந்து, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினான், ஆங்கிலத்தில் ஆறெழுத்து, அப்புறம் நாலு, அப்புறம் சைபர். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விழாது, பாஸ்வேர்டு என்றால் அப்படித்தானாம், எதை அடிக்கிறோம் என்று அடிக்கிறவன் கண்ணுக்கே காட்டாதாம், என்ன ரகசியமோ என்ன எழவோ... என்டரைத் தட்டினான். பச்சை எழுத்தில் அதே வரி வந்து நின்றது, பாஸ்வேர்டு தவறு, மறுபடி முயலவும். முதுகுக்குப் பின்னால் ஆபீசில் கணக்கு ஏற்றுகிற சௌந்திரம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. இருவர் செருப்பும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடந்தன, இந்த அறைக்குள் செருப்போடு வரக் கூடாது, தூசி ஆகாது, இதற்கென்று தனி ஏ.சி. வேறு. பொரிக்க வைத்த முட்டைக்குச் சூடு, கம்ப்யூட்டருக்குக் குளிர், இரண்டுக்கும் நடுவில் கிடந்து வேர்க்கிறவன் மனுசன் ஒருத்தன்தான் என்று போன வாரம்வரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு, இன்று அந்தக் குளிரிலேயே கழுத்தோரம் நனைந்திருந்தது.

முந்தாநாள் புதன்கிழமை ஆயுத பூஜை அன்றுதான் வைத்தான், இந்தக் கையால்தான் வைத்தான். சேலத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் செல்லமுத்து பக்கத்தில் நின்று சொன்னார், சார், இனிமேல் இந்த மெயின் பெட்டிக்கு நீங்கதான் அட்மினிஸ்ட்ரேட்டர், காலையில நீங்க திறந்து விட்டால்தான் தடுப்பூசி செக்சன் பெட்டியும் பொரிப்பு செக்சன் பெட்டியும் வேலை செய்யும், உங்க சொல்லை எங்கிட்டக்கூடச் சொல்லாதீங்க, ஒரு முறை அடிங்க, அதே சொல்லை இன்னொரு முறை அடிங்க, இரண்டும் ஒத்துப்போனா ஏத்துக்கும். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள், பூசணிக்காய் உடைத்த கையோடு அடித்தான், இரண்டு முறையும் ஒத்துப்போனது, மெசின் ஏற்றுக்கொண்டது. முதலாளி சின்னுசாமி எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார், "ஏப்பா கொளந்தவேலு, ஆபீசுச் சாவி பூராவும் உங்கிட்ட, இந்தச் சாவியும் உங்கிட்டவே இருக்கட்டும், உனக்கு ஆனை ஞாபகம்." அதில் பொய்யில்லை. இருபது வருடமாக இந்தக் கோழிக்குஞ்சு ஹேச்சரியில் குஞ்சு வாங்குகிற பண்ணைகள் அத்தனையும் அவன் தலைக்குள் இருந்தன, எருமப்பட்டியில் எவர் பண்ணைக்கு எந்தத் தேதியில் எத்தனை குஞ்சு போயிற்று, எப்போது ஊசி போட வேண்டும், ரிஜிஸ்டரைப் புரட்டாமலே சொல்வான். அதையெல்லாம் சௌந்திரம் ஆறு வாரம் உட்கார்ந்து இதற்குள் ஏற்றியிருந்தாள், அறுநூற்று நாற்பது பண்ணை. தலைக்குள் இருந்ததைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை மறந்தவன் என்று நாளைக்கு ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிப்பா இப்போது பயம்... மறந்தானா என்பதுதான்.

அப்பாவுக்கு ஐம்பதையொட்டித்தான் ஆரம்பித்தது. குழந்தைவேலுக்கு இப்போது நாற்பத்தெட்டு. முதலில் மண்வெட்டி, களத்தோரம் சாத்தியதைக் கிணற்றடியில் தேடுவார், கிடைக்காது, கத்துவார், "நான் வெச்ச எடத்துலதான் வெச்சேன், எவனோ மாத்தி வெச்சுட்டான்." அப்புறம் சந்தைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினார், அதற்கும் யாரோ ஒருவன்மேல் பழி. அப்புறம் ஒரு மத்தியானம், தண்ணீர்ச் சொம்பை நீட்டிய அம்மாவை மேலும் கீழும் பார்த்து, அத்தனை மரியாதையாக, "ஏனுங்கம்மிணி, நீங்க யாரூட்டுப் பொண்ணுங்க?" என்று கேட்டார். முப்பது வருடம் வாடி போடி என்று மிரட்டியவர் ஒரு நிமிடத்தில் ங்க போட்டார். அம்மா அழவில்லை. "பக்கத்து ஊடுங்க, எம்பேரு ஆத்தாயிங்க" என்றாள். மறுநாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார், சாகிறவரைக்கும் அவள் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரியாகவே இருந்து சோறு போட்டாள். அதனால்தான் செல்லமுத்து மறக்க முடியாத சொல்லாக வைங்க என்றதும் வேறெதுவும் தோன்றவில்லை, அப்பா தொலைத்த பெயரைத் தான் தொலைப்பதில்லை என்று, யாருக்கும் தெரியாமல் ஒரு சத்தியம் பண்ணுகிற மாதிரி... இரண்டு முறை அடித்தான். இன்று அந்தப் பெயர் இல்லை என்கிறது மெசின். அப்படியானால் அன்று எதை அடித்தான்?

கண்ணாடியைத் தட்டிவிட்டு முதலாளி தலையை நீட்டினார், "என்னப்பா, தொறந்துச்சா? பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும், அதுக்குள்ள தொறந்து உட்ரு." குழந்தைவேல் எழுந்து நின்றான். "நான் சரியாத்தானுங்க வெச்சேன், மிசினுதான் என்னமோ மாத்திக்கிச்சுங்க" என்றான். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அது அப்பாவின் வாக்கியம், மண்வெட்டிக்குப் பதில் மெசின், அவ்வளவுதான் வித்தியாசம். முதலாளிக்கு அது புரிய நியாயமில்லை, அவருக்குத் தடுப்பூசி வண்டி வாசலில் நிற்பது மட்டும்தான் கவலை, இன்று எந்தெந்தப் பண்ணைக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி என்ற பட்டியல் உள்ளே பூட்டிக் கிடக்கிறது, பழைய ரிஜிஸ்டரைக் கட்டிப் பரணில் போட்டாயிற்று. "சௌந்திரம், எழுதிக்கம்மா" என்றான். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான், வீரபாகு பண்ணை ஆயிரம், சென்றாயன் பண்ணை அறுநூறு... பதினொன்று வந்தது. பதினொன்றுதானா, பன்னிரண்டா? பன்னிரண்டாவது ஒன்று இருந்து அது விட்டுப்போயிருந்தால், விட்டுப்போனது எப்படித் தெரியும், மறந்துபோன பண்ணை தானாக வந்து கையைத் தூக்குமா? "பதினொண்ணுதானுங்களா சார்?" என்று சௌந்திரம் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். பதினொண்ணுதான் என்று அவன் போட்ட சத்தத்தில் அவள் ஒரு அடி பின்வாங்கினாள். பாவம், அவள் என்ன செய்தாள்.

வண்டி போயிற்று, ராகுகாலமும் வந்தது, பதினொரு மணிக்கு மேல் சேலம் பஸ்ஸில் செல்லமுத்துவும் வந்து சேர்ந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி விசைப்பலகை முன் உட்கார்ந்தார். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்த்தார், பின்னால் வயரைப் பிடுங்கிச் செருகினார், அணைத்துப் போட்டார். பெயர் கேட்கிற இடத்தில் அடித்தால் எழுத்து தெரியும் அல்லவா, அங்கே எல்லா விசையையும் வரிசையாகத் தட்டினார், ஒன்றிலிருந்து சைபர்வரை, எழுத்து இருபத்தாறு, ஒன்று விடாமல் விழுந்தது. குழந்தைவேல் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றாவது விழாமல் போகாதா என்று, ஒரே ஒரு விசை செத்திருந்தால் போதும், தான் பிழைத்துக்கொள்வோம் என்று. எல்லாம் விழுந்தது. "கீபோர்டு நல்லாத்தான் இருக்குதுங்க சார்" என்றார் செல்லமுத்து, பிறகு குரலைத் தணித்து, "வேற ஏதாச்சும் வெச்சிருப்பீங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒண்ணும் தப்பில்லீங்க, எல்லாருக்கும் வர்றதுதான்." எல்லோருக்கும் வருவதுதான், அப்பாவுக்கும் வந்தது, அன்று வைத்தியரும் இதே தணிந்த குரலில்தான் பேசினார்... கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும், நகல் எடுப்பதாக இருந்ததே இன்றைக்குத்தான் என்றார். சௌந்திரம் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுடைய ஆறு வாரம். முதலாளியிடம் இப்போதே போய், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லைங்க, எனக்கு ஆரம்பிச்சிருச்சுங்க என்று சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் முடிந்தது. ஆனை ஞாபகம் என்று தட்டிய கை பரிதாபமாகத் தட்டும்.

பெருமையை விட்டுவிட்டான். "எங்கம்மா பேருங்க" என்றான், "ஆத்தாயி, நாற்பது. இதுதான் வெச்சேன். வேற எதுவும் என்னால வெச்சிருக்க முடியாது." மற்றவர்கள் முன்னால் அம்மாவின் பெயரைச் சொன்னது, அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது போல இருந்தது. செல்லமுத்து தலையாட்டிவிட்டு, விசைப்பலகையைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் நாலு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று மேசைமேல் ஏதோ உதிர்ந்தது, மஞ்சளாக, காய்ந்த மாவு மாதிரி. முகர்ந்து பார்த்தார். சந்தனம். மேல் வரிசையில் நாலாம் எண்ணின் மூடியைப் பேனாக்கத்தியால் நெம்பிக் கழற்றினார், உள்ளே சுற்றிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பூஜையன்று ஈரமாக இறங்கியிருக்கிறது, விசை கீழே போயிருக்கும் ஆனால் உள்ளே பட்டிருக்காது, கூழில் கால் வைத்த மாதிரி, திரையில் ஒன்றும் காட்டாததால் யாருக்கும் தெரிந்திருக்காது, இரண்டு முறை அடித்தபோது இரண்டு முறையும் நாலு விழவில்லை, அதனால் ஒத்துப்போயிற்று. நேற்று லீவு, யாரும் தொடவில்லை, இரண்டு நாளில் காய்ந்து விட்டுக்கொடுத்துவிட்டது, இன்று நாலு நன்றாக விழுகிறது, அதனால்தான் ஒத்துப்போகவில்லை. "நீங்க சரியா அடிச்சீங்க சார், அதான் தப்பாப் போச்சு" என்று சிரித்தார். நாலை விட்டுவிட்டு ஆத்தாயியும் சைபரும் மட்டும் அடித்தார், என்டர்.

திறந்தது. சௌந்திரம் ஒரு சின்னக் குழந்தையைப் போலக் கைதட்டிவிட்டு, உடனே வெட்கப்பட்டு, இன்றைய தடுப்பூசிப் பட்டியலைக் கொண்டுவந்தாள், பச்சையாக வரிசை வரிசையாக இறங்கியது, வீரபாகு ஆயிரம், சென்றாயன் அறுநூறு... பதினொன்று. சரியாகப் பதினொன்று, ஒரு தலைகூடக் கூடவில்லை குறையவில்லை. குழந்தைவேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, நான் மறக்கவில்லை, அம்மா, நான் மறக்கவில்லை, தலை தலையாகத்தான் இருக்கிறது, மெசின்தான்... காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரு கோபமாகத் திரண்டு வந்தது, நல்ல, சந்தோசமான கோபம், ஆபீசே கேட்கும்படி உரக்கக் கேட்டான், "எந்தப் புத்தி கெட்டவன் இதுல போய்ச் சந்தனத்தை அப்புனது?"

செல்லமுத்து நாலாம் எண்ணின் மூடியை ஊதிக்கொண்டிருந்தார். சௌந்திரம் அவனைப் பார்த்தாள், விளையாடுகிறானா என்று பார்க்கிற பார்வை, பிறகு மெதுவாக, "நீங்கதானுங்க சார் வெச்சீங்க" என்றாள். "மூணு பொட்டு. நான் கம்ப்யூட்டருக்கு வேண்டாமுங்கன்னு சொன்னேன். தராசுக்கு வெக்கறோம், லாரிக்கு வெக்கறோம், இது மட்டும் என்ன இளப்பமான்னு கேட்டீங்க. மொதலாளிகூடச் சிரிச்சாருங்களே."

ஆமாமா, என்றான், சிரித்தான், என் புத்திதான், என்று நெற்றியில் தட்டிக்கொண்டான், அவர்களும் சிரித்தார்கள். பூசணிக்காய் உடைத்தது ஞாபகம் இருக்கிறது, லாரி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் இருக்கிறது, பொரிகடலை வாங்கிய வெண்கலத் தட்டு, முதலாளி மனைவியின் இருமல், சந்தனக் கிண்ணத்தைக்கூட யாரோ நீட்டினார்கள், அது யார், அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு... ராகுகாலத்துக்கு முன்னால் அடிங்க என்ற குரல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்று பொட்டு வைத்த ஒரு கை இருந்திருக்க வேண்டும், அது தன் கை, பேசிய பேச்சும் தன் பேச்சு மாதிரியேதான் இருக்கிறது, இளப்பமா என்றுதான் கேட்டிருப்பான்... காணோம். இவள் தப்பாகச் சொல்கிறாளோ, வேறு யாரோ வைத்துவிட்டுப் பழியை... நிறுத்திக்கொண்டான். அப்பா இப்படித்தான் ஆரம்பிப்பார்.

செல்லமுத்து எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார், புதுசா ஒரு சொல் வெச்சுருங்க சார், ஒரு முறை அடிச்சு இன்னொரு முறை. திரை கேட்டுக்கொண்டு நின்றது. குழந்தைவேல் உட்கார்ந்தான், ஆனால் கை விசைக்குப் போகவில்லை, மேசையோரத்து நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, பென்சிலை எடுத்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தான். "ஐயோ சார், பாஸ்வேர்டைத் தாள்ல எழுதக் கூடாதுங்க" என்று செல்லமுத்து பதறினார். அது பாஸ்வேர்டு இல்லை. சந்தனம் வைத்தது நான்தான் என்று எழுதி, கீழே தேதி போட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வைக்கும்போதுதான் விரலுக்கு அந்த மடிப்பு பழக்கமானதாக இருந்தது. வெளியில் போனால் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார் என்று, அப்பாவின் பெயரையும் ஊரையும் இதே அளவுத் தாளில் அவன்தான் எழுதிக் கொடுத்தான், அம்மா அதை நாலாக மடித்து, அவருடைய சட்டைப்பைக்குள் வைத்துத் தைத்தாள், இதே இடது பக்கம்.