கமாதா யாருக்கும் கொடுக்காத கூரை

அக்டோபர் கடைசியில் அடித்த காற்றில் எங்கள் வீட்டின் வடக்குச் சரிவில் தகரம் ஒரு முழ நீளத்துக்குக் கிளம்பிவிட்டது. மறுநாள் மழையில் முன்னோர் அறையின் மர உட்கூரையில் ஈரம் படர்ந்தது. என் மனைவி கினுவின் நினைவுப் பலகை இருப்பது அந்த அறையில்தான். பலகையை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

டிசம்பரில் பனி தொடங்கினால் மார்ச் வரை கூரையைக் கண்ணால் பார்க்க முடியாது. இடுப்பளவுப் பனி அந்தக் கிழிசலின் மேல் உட்கார்ந்தால் உத்தரம் போய்விடும். செந்தாய் நகரத்தில் இருக்கும் என் மகனிடம் சொன்னால், "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்கப்பா" என்பான். வேறு எதுவும் சொல்ல அவனுக்குத் தெரியாது. எங்கள் ஓனோதெரா குடும்பத்து வீட்டை ஆறு தலைமுறையாக யாரும் பூட்டியதில்லை. எனக்கு எண்பத்தொரு வயது. என் காலத்தில் அது நடக்கக் கூடாது.

கூரைக்காரர்கள் மூன்று பேருக்குத் தொலைபேசினேன். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அது கமாதா கூரை ஆச்சே, ஐயா." மூன்றாவது ஆள் மொகாமி. அவன் கொஞ்சம் வாய் உள்ளவன்.

"கமாதா ஏப்ரல்லயே தொழிலை விட்டுட்டாரே, உங்களுக்குத் தெரியாதா? முழங்கால் போச்சு. அவர் பார்த்துக்கிட்டிருந்த நாப்பத்திரண்டு வீட்டையும் எங்க மூணு பேருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டார். உங்க வீடு மட்டும் அதுல இல்ல."

"இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தத்தை அவரைத்தான் கேக்கணும். அவர் வாயைத் திறக்காம நான் அங்க ஏணி சாத்தினேன்னு வைங்க, நாளைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் என்னை மதிப்பானா? மன்னிச்சுக்கோங்க ஐயா. பனி வர்றதுக்குள்ள கேட்டுடுங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அதில் எனக்குக் குறை இல்லை. பழைய வைக்கோல் கூரைக்கு மேல் முதன்முதலில் தகரம் போர்த்தியவர் கமாதாவின் தாத்தா. அதன்பின் அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு எவன் காலும் அங்கே பட்டதில்லை. கமாதாவும் ஒவ்வொரு நவம்பரும் கூப்பிடாமலே வருவான். வீட்டை ஒரு சுற்று சுற்றி, தட்டிப் பார்த்து, ஊறுகாய் முள்ளங்கியோடு ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போவான். கினு போனபின் நான்கு நவம்பர்களாக அவன் வரவில்லை. துக்கம் நடந்த வீட்டை எட்டிப் பார்க்காத மனிதனை நான் ஏன் தேடிப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அவன் ஓய்வு பெற்ற செய்தி ஏழு மாதமாகப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் காலை கமாதாவின் வீட்டுக்கு நடந்தேன். வெறுங்கையோடுதான் போனேன். கையில் எதையாவது கொண்டுபோனால் மன்னிப்புக் கேட்க வந்தது போல ஆகிவிடும்.

அவன் மனைவி மிட்சு வாசலில் முள்ளங்கிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். "அடடே, பெரிய வீட்டு ஐயாவா! வழி தவறி வந்துட்டீங்களா?"

"கமாதா இருக்கானா?"

"எங்க போவார்? ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. உள்ளதான் இருக்கார்."

கமாதா அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். காலை மடக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டான். நான் முறைப்படி மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"என் கூரையை ஏன் யாருக்கும் குடுக்கல?"

"நாலு வருஷம் கழிச்சு வந்து, உக்காந்ததும் கேக்கற கேள்வி இதானா?"

"நாலு வருஷமா வராதவன் நீ."

"வராதேன்னு எழுதினது யாரு?"

எனக்குப் புரியவில்லை. அவன் மிட்சுவைக் கூப்பிட, அவள் ஒரு தபால் அட்டையைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். கினு இறந்த ஆண்டு நான் அனுப்பிய துக்க அட்டை. சாவு நடந்த வீடு புத்தாண்டுக்கு முன் எல்லாருக்கும் அனுப்புவது. என் தந்தை பயன்படுத்திய வாசகத்தையே அச்சிட்டிருந்தேன்: 'இந்த ஆண்டு எங்கள் வாசலில் வாழ்த்தும் இல்லை, வரவும் இல்லை. சிரமப்பட வேண்டாம்.'

"இது புத்தாண்டு வாழ்த்து வேண்டாம்னு எழுதினது. எல்லா வீட்டுக்கும் போச்சு" என்றேன்.

"எல்லாரும் டிசம்பர்ல அனுப்புவாங்க. நீங்க எதையும் முந்திச் செய்யறவர். எனக்கு நவம்பர் அஞ்சாம் தேதி வந்துச்சு. மறுநாள் உங்க வீட்டுக்கு வர்றதுக்கு ஏணியை வண்டியில ஏத்தி வச்சிருந்தேன். வரவு இல்லைன்னு பெரிய வீடு எழுதினா மீறுறதுக்கு நான் யாரு? இறக்கி வச்சுட்டேன். சரி, துக்கம் ஒரு வருஷம்தானே, அடுத்த புத்தாண்டுக்கு உங்க வாழ்த்து அட்டை வரும், அன்னைக்கே போகலாம்னு இருந்தேன். வரல."

"வயசுல சின்னவன் நீ. நீதான் முதல்ல அனுப்பணும்."

"கதவைச் சாத்தின வீடுதானே ஐயா முதல்ல திறக்கணும்?"

அடுப்படியிலிருந்து மிட்சு குரல் கொடுத்தாள். "ரெண்டு கிழவரும் தபால்காரனைப் பாத்துப் பாத்தே நாலு பனியை ஓட்டியிருக்கீங்க. அந்தத் தபால்காரனே பென்ஷன் வாங்கிட்டான்."

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. வழக்கப்படி அவன் சொன்னதே சரி. அந்தப் புத்தாண்டுக்கு எங்களுக்குச் சமமான வீடுகளுக்கெல்லாம் நான்தான் முதலில் அட்டை எழுதினேன். கூரைக்காரனுக்கு எழுதவில்லை.

"ஏன் குடுக்கலன்னு கேட்டீங்க" என்றான் கமாதா. "நீங்க என்னைத் தள்ளியிருந்தா அந்தக் கூரை என்னோடது இல்ல. இன்னொருத்தனுக்குக் குடுக்க எனக்கு என்ன உரிமை? தள்ளலைன்னா அது என்னோடது. அப்ப எதுக்குக் குடுக்கணும்? எதுன்னு தெரியாம அப்படியே வச்சுக்கிட்டேன்." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். "வடக்குச் சரிவுல கிளம்பியிருக்கு, ரோட்டுலேர்ந்து பாத்தேன். நாளைக்குக் காத்து இல்லைன்னா ஏறிடறேன்."

சொல்லிவிட்டு அலமாரியைப் பிடித்து எழுந்தான். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை எழுந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக நின்றான். மிட்சு உப்புக் கையோடு கதவருகே வந்து நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

கமாதா எங்கள் கூரையில் ஏற வேண்டும், வழக்கம் அறுபடக் கூடாது. நான் விரும்பியது அதைத்தான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் ஏறுவான். எங்கள் வடக்குச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பது எனக்குத் தெரியும்.

"வேண்டாம். மொகாமிக்குக் குடுத்துடு" என்றேன்.

"அப்ப தள்றீங்க."

இல்லை என்று சொன்னால் அவன் காலையில் ஏணியோடு வந்துவிடுவான்.

"ஆமா. தள்றேன்."

அவன் மெதுவாக உட்கார்ந்தான். நீட்டிய காலைக் கையால் தேய்த்தான். பிறகு, "மொகாமி ஆணியை ரெண்டு அடி அடிச்சுட்டு விட்டுடுவான்" என்றான்.

"மூணாவது அடியும் அடிக்கச் சொல்லி இப்பவே சொல்லு."

தொலைபேசியை இழுத்து வைத்து மொகாமியைக் கூப்பிட்டான். "ஓனோதெரா வீடு இன்னையிலேர்ந்து உன்னோடது. எழுதிக்க" என்று ஆரம்பித்தவன் கால் மணி நேரம் பேசினான். பழைய புகைப்போக்கியை அடைத்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. மேற்குச் சரிவில் பனி இரண்டு நாள் தாமதித்துத்தான் சரியும், அதற்குள் கீழே நிற்கக் கூடாது. கிழக்கு மூலை உத்தரம் 'கிர்' என்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம்.

"தெற்குப் பக்கம் நீலத் தகரம் ஒரு துண்டு இருக்கும். அதை மாத்தாதே. அந்த வருஷம் மத்ததுபோல சிவப்புத் தகரம் கிடைக்கல. அப்புறம் மாத்தித் தர்றேன்னேன். வீட்டம்மாதான், இருக்கட்டும்பா, வயல்லேர்ந்து நிமிர்ந்து பாத்தா எங்க வீடுன்னு உடனே தெரியுதுன்னாங்க."

முப்பது வருடமாக அந்த நீலத் துண்டைக் கமாதாவின் அசட்டை என்றே நினைத்திருந்தேன். கினு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

"அவ்வளவுதான். நாளை மறுநாள் வந்துடு" என்று கமாதா தொலைபேசியை வைத்தான்.

அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருக்க எனக்குக் காரணம் இல்லை. இரு கைகளையும் பாயில் ஊன்றிக் குனிந்தேன். நெற்றி பாயைத் தொட்டது. எங்கள் வீட்டில் யாரும் எந்த வேலைக்காரனுக்கும் அப்படிக் குனிந்ததில்லை. கமாதா நீட்டிய காலோடு, ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பதிலுக்குக் குனிந்தான்.

வாசலில் மிட்சு, "டீ ஊத்திட்டேனே, ஐயா. குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

"கூரைக்காரன் வருவான். வீட்டுல ஆள் இருக்கணும்" என்றேன்.

மொகாமி வருவது நாளை மறுநாள்தான். அது அவளுக்கும் தெரியும்.